உப்பும் வெயிலும் நெருப்பும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் பெருவழியில், பெரம்பலூருக்கு வடக்கே இருப்பது வாலிகண்டபுரம். வாலீசுவரர் கோயிலும் அதன் சோழர் காலக் கல்வெட்டுகளும் அவ்வூரின் தொன்மைக்குச் சான்றாக நிற்கின்றன. அடுத்திருக்கும் ரஞ்சன்குடிக் கோட்டையோ முஸ்லிம் ஆட்சிக் காலத்தின் நினைவை இன்றும் சுமந்து நிற்கிறது. பீஜப்பூர் அரசின் சார்பில் இப்பகுதியை ஆண்ட ஷேர்கான் லோடி வாலிகண்டபுரத்தைத் தம் தலைமை இடமாகக் கொண்டிருந்தார். 1673ஆம் ஆண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் இடம் பெறுவதற்கு இசைவளித்தவர் அவரே. 1677இல் சிவாஜியின் படையிடம் தோற்று அவர் ஆட்சியை இழந்தார்.

1751ஆம் ஆண்டில் இவ்வூர் மீண்டும் போர்க்களமாயிற்று. சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒரு புறம், நவாப் முஹம்மது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறம். அன்று ஆங்கிலப் படை நிலைகுலைந்து திருச்சிராப்பள்ளி நோக்கிப் பின்வாங்கியது. அப்படையோடு வந்திருந்தவர்களுள் ராபர்ட் கிளைவும் ஒருவர். அப்போது அவருக்கு இருந்த பொறுப்பு, படைக்கு உணவுப் பொருள் சேகரித்துக் கொடுப்பது! அதே ஆண்டின் பிற்பகுதியில் ஆர்க்காட்டைக் கைப்பற்றி, முற்றுகையில் அதனைக் காத்த பிறகுதான் அவர் பெயர் உலகறிந்ததாயிற்று.

கிளைவின் வாளைப் பற்றி நூல்கள் பல உள. ஷேர்கான் லோடியின் வெற்றி தோல்விகளைப் பிரெஞ்சுக்காரர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்தனர். ஆனால் படைக்கும் குடிக்கும் உணவு ஆக்கியவர்கள், ஆட்டை அறுத்தவர்கள், அறுத்ததைக் கெடாமல் காத்தவர்கள், தணலில் வாட்டி விற்றவர்கள் ஆகியோரின் சரித்திரத்தை எழுதுவார் இலர். கோட்டைச் சுவர் நின்றால் வரலாறு நிற்கிறது. கொடியில் உலர்ந்த கறிக்கு அந்தப் பேறு இல்லை. அந்தக் குறையை ஓரளவேனும் தீர்க்க முடியுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு பெயர்களிலும் உப்பு

மேலை நாட்டார் இறைச்சியைக் கொத்தி, உப்பும் மசாலாவும் சேர்த்து, துப்புரவு செய்த குடலில் அடைத்து, புகையில் இட்டோ காற்றில் உலர்த்தியோ வைத்துக்கொள்வர். ஆங்கிலத்தில் அதற்குச் சாசேஜ் என்று பெயர். இச்சொல் 'உப்பிடப்பட்டது' என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நம் வீடுகளில் ஆட்டிறைச்சியை வார்ந்து, உப்பும் மஞ்சளும் தடவி, வெயிலில் காயவைப்பதை 'உப்புக்கண்டம்' என்கிறோம். கண்டம் என்றால் துண்டம். இரு பண்டங்களும் வேறு. இரு பெயர்களும் உப்பிலிருந்தே தொடங்குகின்றன. வந்த விருந்தும் போன பஞ்சமும் கண்ட மனிதன், இன்று கிடைத்ததை நாளைக்கும் வைத்துக்கொள்ள எண்ணியபோது அவன் கைக்கு முதலில் எட்டியது உப்பே.

தமிழர்க்கு இது புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பைப் பற்றிய பகுதியில் 'வாடூன்' என்னும் சொல் வருகிறது. வாடிய ஊன், அதாவது உலர்ந்த இறைச்சி. வறண்ட நிலத்தில் புல்லரிசியைத் திரட்டிக் குற்றி, உவர்க் கிணற்று நீரில் உலையேற்றி, உலர்ந்த இறைச்சியோடு சமைத்து விருந்தினருக்கு அளிப்பவர்கள் அக்குடிப் பெண்கள். கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையோ, இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியை அரசன் அவை விருந்தாகக் காட்டுகிறது. ஏழையின் குடிலில் உலர்ந்த கறி. அரசன் அவையில் சுட்ட கறி. இறைச்சியின் இரு வழிகளும் சங்க காலத்திலேயே பிரிந்து நிற்பதைக் காண்கிறோம்.

குடலில் அடைத்த கறி

மூன்றாவது வழியான குடலில் அடைத்தலும் இந்திய மண்ணுக்கு முற்றிலும் அந்நியம் என்று சொல்வதற்கில்லை. சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் பெயரால் 12ஆம் நூற்றாண்டில் எழுந்த 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூல், அரண்மனைச் சமையலை விரிவாகக் கூறுகிறது. அதில் ஆட்டுக் குடலில் மச்சையும் மசாலாவும் நிரப்பித் தணலில் வாட்டும் 'மண்டலியம்' என்னும் பண்டம் இடம்பெறுகிறது. தக்காணத்தில் கபாப் என்ற சொல் வழங்குவதற்கு முன்பே தணலும் கம்பியும் வழக்கில் இருந்தன என்பதற்கு இந்நூல் சான்று.

அரபு நாடுகளில் இத்தொழில் ஓங்கி வளர்ந்திருந்தது. இத்தாலியின் தென்பகுதியில் உள்ள லுக்கானியா என்னும் நாட்டின் பெயரால் ரோமானியர் ஒருவகைக் குடலடைக் கறியை அழைத்தனர். அச்சொல் கிழக்கே சென்று அரபியில் 'லகானிக்' என்றும் 'நகானிக்' என்றும் உருமாறியது. 10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் இதன் செய்முறை காணப்படுகிறது. மக்ரிபு நாடுகளின் மிர்காஸ், துருக்கியரின் சுஜுக் ஆகியவையும் இவ்வினத்தனவே. ஆட்டிறைச்சியாலும் மாட்டிறைச்சியாலும் ஆன இப்பண்டங்கள் முஸ்லிம் உலகெங்கும் கடைத்தெருக்களில் விற்கப்பட்டு வந்தன. நம் அண்டையில் கோவாக் கிறிஸ்தவர்கள் போர்த்துகீசியரிடமிருந்து கற்ற பன்றி இறைச்சிச் சாசேஜ் வேறொரு வழியாக வந்தது. அஃது இங்கு நமக்குப் பொருளன்று.

அரபு வணிகர் நம் கரைகளுக்கு ஆயிரம் ஆண்டுகளாக வந்தனர். தக்காணத்துப் படைகளும் அதிகாரிகளும் வாலிகண்டபுரம் வரை வந்து தங்கினர். கபாப், கைமா, கோஃப்தா என்னும் சொற்கள் பாரசீக, உருதுத் தொடர்பால் தமிழில் கலந்தன. அப்படியிருக்க, குடலில் அடைத்துக் காக்கும் தொழில் மட்டும் ஏன் நம்மிடையே வேரூன்றவில்லை? குடலை நாம் ஒதுக்குவதும் இல்லை. குடல் குழம்பை விரும்பி உண்ணும் மக்கள் நாம். ஆயினும் அதில் கறியை அடைத்து மாதக்கணக்கில் தொங்கவிட நம் முன்னோர் முற்படவில்லை.

வெயில் விதித்த விதி

இதற்கு விடை நம் தட்பவெப்பத்தில் இருக்கிறது. நலமான பிராணியின் சதைத்துண்டு உள்ளே தூய்மையாக இருக்கும். அறுத்த பிறகு கிருமிகள் படிவது பெரும்பாலும் மேற்பரப்பில்தான். மேற்பரப்பில் உப்பைத் தேய்த்து, ஈரத்தை வெயிலில் உறிஞ்சவிட்டால், கிருமி தழைக்க வழியில்லை. ஆனால் அதே இறைச்சியைக் கொத்திவிட்டால் மேற்பரப்பில் இருந்தது யாவும் உள்ளே கலந்துவிடுகிறது. கொத்திய கறியை உறைக்குள் அடைத்து வைப்பது குளிர்நாட்டில், உரிய உப்பும் புகையும் சேர்த்துச் செய்தால் தகும். அங்கும்கூட அது தவறியதுண்டு. ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் சாசேஜ் உண்டு மாண்டவர்களைப் பற்றி யுஸ்டினுஸ் கெர்னர் என்னும் மருத்துவர் 1820ஆம் ஆண்டிலும் 1822ஆம் ஆண்டிலும் ஆராய்ந்து எழுதினார். அந்நோய்க்குப் பிற்காலத்தில் வழங்கிய 'பாட்டுலிசம்' என்னும் பெயரே சாசேஜைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

பெரம்பலூர் வட்டாரத்தின் வெயிலை அறிந்தோர்க்கு மேலும் விளக்கம் வேண்டுவதில்லை. மானாவாரி நிலம், சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் புன்செய், மேய்ச்சலுக்குத் திருச்சிக் கருப்பு என்று பெயர்பெற்ற செம்மறியினம். இத்தகைய நாட்டில் கொத்துக்கறி ஒரு பகலைத் தாண்டாது. வார்ந்து உப்பிட்ட கறியோ, மூன்று நான்கு நாள் வெயிலில் விறகுபோல் இறுகிவிடும். ஆகவே நம் முன்னோர் எவரும் எழுதி வைக்காத ஒரு விதியைக் கைக்கொண்டனர்: வார்ந்ததை உலர்த்து, கொத்தியதை உடனே உண். உப்புக்கண்டம் முதல் பாதி. கபாபும் கோலா உருண்டையும் இரண்டாம் பாதி. ஆய்வுக்கூடம் பிற்காலத்தில் கண்டு சொன்னதை அடுப்பங்கரை முன்னமே கண்டிருந்தது.

கதீதும் உப்புக்கண்டமும்

உலர்ந்த இறைச்சிக்கு அரபியில் 'கதீத்' என்று பெயர். இஸ்லாமிய வரலாற்றில் அதற்கொரு சிறப்பான இடம் உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்களை ஒரு தையற்காரர் விருந்துக்கு அழைத்து, வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் கதீதும் இட்ட குழம்பும் படைத்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நம் வீடுகளில் காய் சேர்த்து உப்புக்கண்டக் குழம்பு வைப்பவர்கள், அந்தத் தையற்காரரின் அடுப்புக்கு உறவினர் எனலாம்.

குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று ஓராண்டு தடை இருந்தது. மக்கள் பசியால் வருந்திய காலம் அது. அடுத்த ஆண்டில் அத்தடை நீங்கியது. உண்ணவும், பிறர்க்கு ஊட்டவும், சேமிக்கவும் அனுமதி வந்தது. இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். பசித்தவர் இருக்கும்போது சேமிப்பு தள்ளி வைக்கப்பட்டது. பசி நீங்கிய பிறகே அதற்கு இடம் கிடைத்தது. குர்பானி இறைச்சியில் ஒரு பகுதியைத் தாங்கள் உப்பிட்டு வைத்து, மதீனாவில் நபியவர்களுக்கு அளித்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். உப்பிட்ட கை அந்த இல்லத்தின் பெண்களுடையது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மற்றொரு செய்தி இன்னும் உருக்கமானது. நபியவர்களின் முன் வந்த ஒருவர் அச்சத்தால் நடுங்கினார். தாம் அரசர் அல்லர் என்றும், உலர்ந்த இறைச்சி உண்டு வந்த ஒரு பெண்ணின் மகனே என்றும் சொல்லி அவர்கள் அவருடைய அச்சத்தைப் போக்கினார்கள். அரச பவனிக்கு எதிராக அங்கே நிறுத்தப்பட்டது கதீத். எளியோரின் உணவு என்பதே அதன் பெருமையாயிற்று.

நம் நாட்டில் உப்புக்கண்டம் போடும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லுதல் வேண்டும். எலும்பையும் கொழுப்பையும் நீக்க வேண்டும். கொழுப்பு இருந்தால் நாளடைவில் காறல் அடிக்கும். சதையைக் குறுக்கே வெட்டாமல் அதன் போக்கிலேயே நீளமாக வார வேண்டும். கல்லுப்பும் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் சேர்த்துப் பிசறி, ஓர் இரவு ஊற வைப்பர். சில வீடுகளில் இஞ்சியும் பூண்டும் அரைத்துச் சேர்ப்பதுண்டு. மிளகாய் இந்நாட்டுக்கு வந்தது போர்த்துகீசியருக்குப் பிறகே. அதற்கு முன் காரம் என்றால் மிளகுதான். மறுநாள் ஊறிய நீரை வடித்து, கோணி ஊசியால் நூலில் கோத்து, மாலைபோல் மாடிக் கொடியில் கட்டுவர். காக்கைக்கும் பூனைக்கும் காவல் இருப்பது வீட்டுச் சிறுவர் வேலை. பனி இறங்குமுன் உள்ளே எடுத்து, காலையில் மீண்டும் கட்ட வேண்டும். ஒடித்தால் ஒடியும் பதம் வந்ததும் சாடியில் இட்டு வாய் கட்டுவர். இடையிடையே வெயில் காட்டுவர். வேண்டும்போது ஊறவைத்துக் குழம்பில் இடலாம். அம்மியில் தட்டி நல்லெண்ணெயில் பொரித்தால் கஞ்சிக்கும் பழைய சோற்றுக்கும் அதைவிடத் துணை வேறில்லை.

இதில் எங்கேனும் அளவு சொல்லப்பட்டதா? இல்லை. 'ஒரு கை உப்பு' என்பர்; அந்தக் கை எவருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாமியார் கையைப் பார்த்து மருமகள் கற்றாள். அவளைப் பார்த்து அவள் மகள் கற்றாள். எழுத்தில் ஏறாத கல்வி என்பதால் அதைக் கல்வி அல்ல என்று எவரும் சொல்ல முடியாது.

கொத்திய கறியும் நம்பிக்கையும்

கொத்துக்கறிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. துண்டுக் கறியைக் கண்ணால் பார்த்தே இன்னதென்று அறியலாம். கொத்திய பிறகு அதில் என்ன கலந்தது என்பதைக் கலந்தவரும் இறைவனும் மட்டுமே அறிவர். இதனை முஸ்லிம் அரசுகள் நன்கு உணர்ந்திருந்தன. சந்தைகளை மேற்பார்க்க 'முஹ்தஸிப்' என்னும் அதிகாரியை அவை அமர்த்தின. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ என்பார் இவ்வதிகாரிகளுக்கென்று ஒரு கையேடு எழுதினார். குடலில் கறி அடைப்போரைப் பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. அவர்கள் தொழில் செய்யும் இடம் முஹ்தஸிபின் இருக்கைக்கு அருகில், அவர் கண்ணுக்கு எட்டும் வகையில் இருத்தல் வேண்டும். கறி கொத்தும்போது ஈ ஓட்ட ஒருவர் விசிறியோடு நிற்க வேண்டும் என்றெல்லாம் அது வகுத்துரைக்கிறது. கலப்படம் எளிது என்பதனால்தான் இத்தனை கண்டிப்பு.

முஹ்தஸிப் இல்லாத ஊரில் அந்த வேலையைச் செய்தது வாடிக்கையாளரின் கண். கபாப்புக் கடையின் அமைப்பைப் பாருங்கள். அடுப்பு உள்ளறையில் இருப்பதில்லை. தெருவைப் பார்த்தே இருக்கும். கொத்துவதும், பிசைவதும், கம்பியில் பிடிப்பதும், விசிறியால் தணலை ஊதுவதும் நம் கண்முன் நடக்கின்றன. குடலுறை இல்லாமலே கம்பியைச் சுற்றிப் பிடித்த கொத்துக்கறி, நெருப்பில் இறுகி வடிவம் பெறுகிறது. சீக் கபாப் என்பது உறையில்லாத சாசேஜே என்று கூறினாலும் பொருந்தும். மேலை நாட்டார் உறைக்குள் மூடியதை, நம்மவர் நெருப்பின்மேல் திறந்து காட்டினர்.

இத்தொழில் பெரும்பாலும் குடும்பத் தொழிலாகவே நிலைத்ததற்கும் இந்நம்பிக்கையே காரணம். தில்லி ஜாமிஆ மஸ்ஜித் அருகே ஹாஜி கரீமுத்தீன் 1913இல் தொடங்கிய உணவுக்கடையை அவர் வழியினர் இன்றும் நடத்தி வருகின்றனர். லக்னோவில் ஒரு கையை இழந்த ஹாஜி முராத் அலி 1905இல் வைத்த கடை, 'துண்டே கபாபி' என்று அவர் குறையையே பெயராகக் கொண்டு புகழடைந்தது. பல்லில்லாத முதியவரும் உண்ணும்படி மையாக அரைத்த கறி அவர்களுடையது. நம் தமிழகத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியிலும், ஆம்பூர், வாணியம்பாடியிலும் மாலை வேளைகளில் தெருவோரத் தணலைக் காணலாம். தந்தை கம்பியைத் திருப்ப, மகன் விசிற, வீட்டில் அரைத்த மசாலா பாத்திரத்தில் வந்து சேரும். அந்த மசாலாவை அரைத்தவர் கடையில் தென்படுவதில்லை; பெயர்ப்பலகையிலும் அவர் பெயர் இருப்பதில்லை.

கடல் கடந்த தமிழர்க்கும் இத்தணல் பழக்கமானதே. மலாய் நாட்டிலும் சிங்கப்பூரிலும் குச்சியில் கோத்து வாட்டும் 'சாத்தே' பெயர்பெற்ற உணவு. அதன் பிறப்பிடம் ஜாவா என்பது பெரும்பான்மையோர் கருத்து. அச்சொல் தமிழின் 'சதை'யிலிருந்து வந்தது என்பாரும் உளர். சிங்கப்பூரில் சாத்தே வணிகர்கள் கூடியிருந்த 'சாத்தே கிளப்' 1995இல் மூடப்பட்டபோது, தணலோடு சேர்ந்து ஒரு கூடுமிடமும் மறைந்தது. பெரம்பலூர் வட்டாரத்தின் லெப்பைக்குடிக்காட்டிலிருந்தும் வி.களத்தூரிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர் பலர். அத்தகையோரின் பெட்டியில் ஊரிலிருந்து சென்றவற்றுள் ஊறுகாயும் உப்புக்கண்டமும் இருக்கும். கெடாத உணவு என்பது பிரிவுக்கு ஏற்ற உணவுமாகும்.

நாம் இழந்துவரும் கல்வி

இன்று குளிர்சாதனப் பெட்டி வீடுதோறும் வந்துவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாளில் மாடிக் கொடிகளில் சிவப்பு மாலைகளாகத் தொங்கிய கறியைக் காண்பது அரிதாகிவிட்டது. வசதி வந்ததற்கு வருந்துவது அறிவுடைமை ஆகாது. ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வெயிலில் உலர்த்துவதற்கு நான்கு நாள் உழைப்பு வேண்டும். அதனால் தேவைக்கு மேல் வைத்துக்கொள்ள மனம் வராது, மீதி அண்டை வீட்டுக்கும் ஏழைக்கும் போய்ச் சேர்ந்தது. பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே வைப்பதற்கு உழைப்பே வேண்டியதில்லை. உண், ஊட்டு, சேமி என்ற வரிசையில் நடுச்சொல் விழுந்துவிடாமல் காத்துக்கொள்வது நம் பொறுப்பு.

தணல் அடுப்புக்காரர்களின் நிலையும் இதுபோன்றதே. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு கடைகளும் பதிவு பெற வேண்டும் என்கிறது. முஹ்தஸிபின் விசிறிக்கும் இருக்கைக்கும் இன்று சட்டம் வந்திருக்கிறது; அது நல்லதே. ஆனால் உறைநிலையில் பொட்டலமாக வரும் கொத்துக்கறியை வாங்கிச் சுடும் கடைகள் பெருகும்போது, கொத்துபவரின் முகத்தைக் கண்டு நம்பிய நம்பிக்கை பொட்டலத்தின் எழுத்துக்கு மாறிவிடுகிறது. அறுப்பவரையும் சுடுபவரையும் தாழ்வாக எண்ணும் வழக்கம் நம் சமுதாயத்திலும் இல்லாமல் இல்லை. அவர்கள் பிள்ளைகள் அத்தொழிலை விட்டு விலகுவதற்கு அதுவும் ஒரு காரணம். விருந்தில் முதல் துண்டுக்குக் கை நீட்டும் நாம், அதை ஆக்கியவருக்கு அவையில் ஓர் இருக்கை தரத் தயங்குவது எவ்வாறு முறையாகும்?

நூல் நிலையங்களில் ஷேர்கான் லோடியைத் தேடுவோர் அவரைக் கண்டடைவர். உப்புக்கண்டம் போட்ட பாட்டியைத் தேடுவோர் அவரை வீட்டில்தான் கண்டடைய முடியும். அதுவும் அவர் இருக்கும்வரை. ஆகவே அன்பர்கள் தங்கள் இல்லத்து மூத்த பெண்களிடம் அமர்ந்து, உப்பின் அளவையும், வாரும் முறையையும், எத்தனை வெயில் என்பதையும் கேட்டு, அவர் பெயரோடும் ஊரோடும் எழுதி வைப்பார்களாக. 'ஒரு கை' என்று அவர் சொன்னால், அந்தக் கை அளந்த உப்பை நிறுத்தும் குறித்துக்கொள்வார்களாக. பெரும் நூலாகாவிட்டாலும், ஒரு நோட்டுப் புத்தகமாகவேனும் அது நிற்கும்.